எண்ணிக்கையில் இல்லாதவள்

பாசிமுனையில் பெண்களைத் தலை எண்ணித்தான் கடலில் இறக்குவார்கள், தலை எண்ணித்தான் கரையேற்றுவார்கள். எண்ணிக்கை சரியாக வரும்வரை ஒருத்தியும் இடுப்பளவுத் தண்ணீரை விட்டு மேலே வரக்கூடாது, மழை கொட்டினாலும் வரக்கூடாது, கரையில் பிள்ளை கிடந்து கதறினாலும் வரக்கூடாது, புருஷனுக்கு மாரடைப்பு என்று ஆள் ஓடிவந்து சொன்னாலும் வரக்கூடாது. அப்படி ஒருமுறை சொல்லி ஓடிவந்தபோது அந்தப் பெண் தண்ணீரிலேயே நின்று அழுதுவிட்டு, கடைசித் தலை எண்ணப்பட்ட பிறகுதான் கரைக்கு வந்தாள், புருஷனும் அதுவரை பொறுத்திருந்தான்.

அவர்கள் எடுத்து விற்பது கடல்பாசி. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி கட்டிக்கொண்டு, கடலுக்கடியில் கிடக்கும் பாறைகளில் முங்கிப் பிடுங்குவார்கள். சோடி சோடியாகத்தான் இறங்குவார்கள். ஒருத்தி கீழே போனால் மற்றவள் மேலே மிதந்தபடி உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டித் தட்டி எண்ணுவாள். ஓர் எண்ணுக்கு ஒரு தட்டு, பத்துக்கொருமுறை இரண்டு தட்டு, எண்பது வந்தால் சேர்ந்தாற்போல் மூன்று தட்டு. மூன்று தட்டு கேட்டதும் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். தொண்ணூறுக்குள் தலை தெரியவில்லை என்றால் தட்டுகிறவள் இறங்கிவிட வேண்டும். கீழே இருப்பவளுக்கு அந்தத் தட்டைத் தவிர வேறு கடிகாரம் கிடையாது.

நம்பாயி அந்தக் கடிகாரத்தைத் தவறவிட்டவள். முந்தின வருஷம் ஆனி மாதம் ஒரு விசைப்படகு பாறையை உரசுகிற மாதிரி வந்து திரும்பியது, அதன் அலை அவள் முகத்தில் அறைந்தது, மூக்கில் வாயில் ஏறிய உப்புத் தண்ணீரைத் துப்பி முடித்தபோது எண் அறுபதா அறுபத்தைந்தா என்று தெரியவில்லை. எந்த எண்ணில் விட்டாளோ அதற்கு அதிகமாகத்தான் தொடங்கியிருக்க வேண்டும், அப்படித்தான் எவளும் செய்வாள். அவளோ பதற்றத்தில் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டாள். கீழே அவளுடைய சோடி பூரணம் மூன்று தட்டுக்காகக் காத்திருந்தாள். தட்டு வந்தபோது அதைக் கேட்க ஆள் இல்லை.

நம்பாயி பொய் சொல்லியிருக்கலாம். சேலை பாறையில் சிக்கிக்கொண்டது என்றோ, கால் இழுத்துக்கொண்டது என்றோ சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்கும். அவள் ஈரம் சொட்ட நின்றுகொண்டு, "எண்ணிக்கை விட்டுப்போச்சு மதினி, முதல்லேருந்து தட்டிட்டேன்" என்று பூரணத்தின் அக்கா முத்திருளாயியிடம் சொன்னாள். முத்திருளாயிதான் ஊரில் தலை எண்ணுகிறவள். அவள் அழவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் பெண்கள் வரிசையில் நின்றபோது பன்னிரண்டு வரை எண்ணினாள், பதின்மூன்றாவதாக நின்ற நம்பாயிக்கு நேரே வந்ததும் விரலை மடக்கிக்கொண்டாள். எண்ணப்படாதவளைக் கடலில் இறக்க முடியாது. அன்றிலிருந்து நம்பாயி கரையில் ஒதுங்குகிற அழுகல் பாசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கொச்சிப் பக்கம் படகுக்குப் போனவன், அவன் சம்பாதிப்பது அவன் வாய்க்கே பற்றவில்லை.

அந்த நிலையில்தான் சற்குணம் படம் காட்ட வந்தார். அவர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கோ ஒரு சங்கத்திலிருந்து பழைய படப்பெட்டிகளை வாங்கி ஊர் ஊராகப் போய்ச் சும்மா காட்டுகிறவர், காட்டுவதற்கு முன்னால் அரைமணி நேரம் பேசுகிறவர். புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் சன்னல்களில் ஓலைப்பாயைத் தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் அதை இருட்டாக்கி, சுவரோடு சுவராக ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார்.

"இது ஜப்பான் படம்மா. உங்கள மாதிரியே பொம்பளைங்க. முத்துக் குளிக்கிறவங்க. கருப்பு வெள்ளைதான், ஆனா பாத்தீங்கன்னா எந்திரிக்க மாட்டீங்க" என்றார்.

"பாட்டு இருக்கா சார்?" என்று கேட்டாள் சடச்சி. அவள் முத்திருளாயியின் சோடி, எந்தச் சபையிலும் முதலில் வாய் திறப்பவள்.

"இல்லம்மா."

"சண்டை?"

"மனசுக்குள்ள சண்டை."

"அத வீட்லயே பாத்துக்கலாமே" என்றாள் சடச்சி, ஆனாலும் உட்கார்ந்தாள்.

படத்தில் வெள்ளைத் துணி உடுத்திய பதினெட்டுப் பெண்கள் பாறைக் கரையிலிருந்து கடலில் இறங்கினார்கள். ஆளுக்கொரு மரத்தொட்டி தண்ணீரில் மிதந்தது. முங்கி எழும்போதெல்லாம் நெஞ்சிலிருந்து ஒரு சீழ்க்கைபோல மூச்சு விட்டார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கட்டடத்தில் இருந்த பாசிக்காரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய மூச்சு. ஒருத்தி முங்கினாள். அவள் முகம் அகலமானது, நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது. அவள் தொட்டி மட்டும் தனியாக ஆடியது. முத்திருளாயியின் வலது கை அவளை அறியாமல் தரையைத் தட்டத் தொடங்கியது, பக்கத்தில் சடச்சியின் கை, அப்புறம் பன்னிரண்டு கைகளும் சிமெண்டுத் தரையில் தட்டின, பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த நம்பாயியின் கை மட்டும் மடியில் கிடந்தது.

"இப்ப மேல வந்துருவா" என்றார் சற்குணம், அந்தப் படத்தை இருபதுமுறை பார்த்தவர்.

எண்பது ஆயிற்று, தொண்ணூறு ஆயிற்று, நூற்றிருபது ஆயிற்று. தொட்டி ஆடிக்கொண்டே இருந்தது. படத்தில் மற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக முங்குவதை நிறுத்திவிட்டு நின்றார்கள், கழுத்தளவுத் தண்ணீரில் நின்று ஒரே இடத்தைப் பார்த்தார்கள். சற்குணம் மெஷினைத் தட்டினார், சுருள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுருள் ஓடித் தீர்ந்து வால் சுழன்று படபடத்தது, அவர் விளக்கை அணைத்தார். துணியில் படம் போகவில்லை. பாயை விலக்கினார்கள், வெயில் வந்து துணியில் விழுந்தது, பதினேழு பெண்களும் அந்த வெயிலிலும் சாம்பல் கடலில் கழுத்தளவில் நின்றுகொண்டிருந்தார்கள். துணியின் கீழ்விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. சற்குணம் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே தங்கினார்.

மறுநாள் அமாவாசைக்கு முந்தின நாள், பாசிக்குப் போகிற நாள். பன்னிரண்டு பேரை எண்ணி இறக்கிய முத்திருளாயி உச்சிவெயிலில் கரையேற்ற எண்ணியபோது பதின்மூன்று வந்தது. மறுபடி எண்ணினாள். பதின்மூன்று. கடைசித் தலையை உற்றுப் பார்க்காமலே அது நம்பாயிதான் என்று நினைத்துக் கத்தினாள்.

"நீ எதுக்குடி வரிசையில வந்து நிக்கிறே?"

"நான் எங்க மதினி நிக்கிறேன், கரையிலதான் பாசி பொறுக்குறேன்" என்றாள் நம்பாயி.

"அப்ப யாரு இது?" என்று முத்திருளாயி வரிசையின் கடைசிக்குப் போனாள். அங்கே நெற்றியில் தழும்போடு அந்தப் பெண் நின்றிருந்தாள். சுற்றிலும் பச்சைத் தண்ணீரும் சிவப்புச் சட்டையும் மஞ்சள் வலைப்பையுமாக இருக்க, அவள் மட்டும் உச்சியிலிருந்து பாதம்வரை கருப்பும் வெள்ளையும் சாம்பலுமாக நின்றாள். உதடு சாம்பல். நாக்கு சாம்பல். நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"படத்துல முங்கினவ" என்றாள் சடச்சி. "இவ்வளவு தூரமா வந்து எந்திரிச்சா? என்ன மூச்சுடி உனக்கு."

குறைந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். கூடினால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வெயில் ஏற ஏறத் தண்ணீரிலேயே நின்றார்கள். கடைசியில் முத்திருளாயி, "கடல்ல எந்திரிச்ச தலைய எண்ணாம விடக்கூடாது" என்று சொல்லி அவளைப் பதின்மூன்று என்று எண்ணிக் கரையேற்றினாள். அவளுக்கு ஊரில் இடம் அப்படித்தான் கிடைத்தது.

பெயர் கேட்டார்கள். அவள் ஏதோ சொன்னாள், சொல்லும்போது அவள் இடுப்புக்கு நேரே காற்றில் வெள்ளை எழுத்துகள் ஒரு வரி வந்து நின்று மறைந்தன. "இங்கிலீசு எழுத்தும்மா, படத்துல கீழ வரும்ல, அது" என்றார் சற்குணம். அவர் வாசித்துச் சொல்வதற்குள் எழுத்து போய்விட்டது. படத்துக்காரி என்றே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

ஒற்றைப்படையாக வந்தவளுக்குச் சோடி கிடையாது. ஊரில் சோடியில்லாமல் இருந்தது ஒருத்திதான். முத்திருளாயி அதை இரண்டு நாள் யோசித்துவிட்டு நம்பாயியின் வாசலில் வந்து நின்றாள்.

"அவளுக்குத் தட்டுறதுக்கு ஆள் வேணும். நீ இறங்கு. அவள எண்ணுவேன். உன்ன எண்ணமாட்டேன்."

"எண்ணாம எப்படி மதினி இறங்குறது?"

"இறங்கினா இறங்கு, இல்லேன்னா கிட."

நம்பாயி இறங்கினாள். எண்ணிக்கையில் இல்லாமல் கடலில் இருப்பது என்றால் என்ன என்று முதல் நாளே அவளுக்குத் தெரிந்தது. முங்கும்போது மேலே படத்துக்காரி தட்டினாள், ஒருமுறை காட்டியதும் அவள் கற்றுக்கொண்டாள், ஒரு தட்டும் தவறவில்லை; ஆனாலும் அந்த ஒருத்தியைத் தவிர இந்த உலகத்தில் யாரும் தன் தலைக்காகத் தண்ணீரில் நிற்கப்போவதில்லை என்ற நினைப்பு ஒவ்வொரு முங்கிலும் அவளோடு கீழே வந்தது. இருந்தாலும் அவள் கடலில் இருந்தாள். வலைப்பை நிறைந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு விரல்களில் துணி சுற்றினாள்.

படத்துக்காரி நம்பாயியின் வீட்டிலேயே தங்கினாள். அவளுக்குக் கிளிப்பச்சைச் சேலை கொடுத்தார்கள், உடுத்தியதும் சாம்பலாயிற்று, அவிழ்த்துக் கொடியில் போட்டதும் மறுபடி கிளிப்பச்சையாயிற்று. ஊர்ப் பிள்ளைகள் செம்பருத்தி, கிளியின் இறகு, தீப்பெட்டிப் படம் என்று எதையெதையோ கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்து எடுத்துப் பார்த்து ஒரு வாரத்தில் அலுத்துப்போனார்கள். மீன் குழம்பு அவள் தட்டில் விழுந்ததும் கருத்தது, ருசி போகவில்லை என்று சடச்சி அதில் விரலைத் தொட்டு நக்கிச் சாட்சி சொன்னாள். ஊசி போட வந்த நர்சம்மா அவள் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்துப் போனாள். ரேஷன் கடைக்காரர் மட்டும், அட்டையில் பெயர் இல்லாதவர்களுக்கு மண்ணெண்ணெய் கிடையாது, அவர் எந்த நிறமாக இருந்தாலும் சரி என்று சொன்னார்.

புயல் கட்டடத்திலும் வாழ்க்கை அதன்பாட்டில் நடந்தது. துணிக்குக் கீழே ஒரு வாளி வைத்தார்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது அதை எடுத்துக் கொண்டுபோய் ஊற்றினார்கள். சொட்டு மருந்து முகாம் அங்கேயே நடந்தது, ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது, சாப்பாட்டுப் பந்தி அந்தப் பதினேழு பெண்களுக்கு முன்னால்தான் விரிந்தது. விருந்தாளிகள் முதலில் கூசிவிட்டுப் பிறகு மறந்தார்கள். சற்குணம் மட்டும் மறக்கவில்லை. அவர் கட்டடத்தின் மூலையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்து, துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள், பௌர்ணமிக்கு முந்தின நாள், படத்துக்காரி பாசிக்குப் பதிலாகச் சிப்பிகளைக் கொண்டுவந்தாள். அந்தப் பக்கத்துக் கடலடிப் பாறைத்திட்டில் முத்துச்சிப்பி செத்துப்போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. ஏழு சிப்பிகளைப் பிளந்ததில் இரண்டில் முத்து இருந்தது. சேலையும் குழம்பும் செம்பருத்தியும் அவள் கையில் நிறம் மாறின, முத்து மட்டும் அவள் கையிலும் மற்றவர்கள் கையிலும் ஒரே நிறமாக இருந்தது. மீனவர் சங்கத் தலைவர் கோட்டைச்சாமி அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், வெகுநேரம் கையை இறக்கவில்லை.

"இந்தம்மா இனி இந்த ஊருப் பொம்பள. யாரும் வந்து கேட்டாலும் அனுப்பப்படாது. நம்பாயி, அவளுக்கு என்ன வேணுமோ சங்கத்துல கேளு" என்றார். ஒரு வருஷமாக அவளோடு பேசாத மனிதர் அவள் பெயரைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நம்பாயி வீட்டு முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். சற்குணம் வந்து நின்றார். படத்துக்காரி அவரைக் கண்டதும் எழுந்து, இந்தத் தடவை மெதுவாக, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எழுத்து வந்து, மறைந்து, மறுபடி வந்தது. சற்குணம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"என்ன சார் சொல்றா?"

"அங்கே என்னை இன்னும் எண்ணி முடிக்கவில்லை. அவ்வளவுதாம்மா. அதையேதான் சொல்றாங்க."

நம்பாயியின் கையில் அரிவாள்மணையின் மேல் பாதி அரிந்த மீன் நின்றது. புரிவதற்கு அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பதினேழு பேரும் ஏன் நிற்கிறார்கள் என்பது ஊரில் எல்லாரையும்விட அவளுக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும். ஒருவேளை முதல் நாளே புரிந்திருந்தது.

"சார், இத வேற யார்ட்டயும் சொன்னீகளா?"

"இல்லம்மா."

"சொல்லாதீக."

அவர் அவளைப் பார்த்தார். "அந்தக் கடைசியில ஒரு சின்னப் பொண்ணு நிக்குது, பாத்தீங்களா? அதுக்கு ரெண்டு நாளா உதடு கருத்துக்கிட்டு வருது. கருப்பு வெள்ளையிலயே தெரியுதும்மா."

"ரெண்டு நாள் பொறுங்க சார். பௌர்ணமி கழியட்டும்."

மூன்று நாள் ஆயிற்று. உண்மையைச் சொன்னதற்காகக் கரையில் தள்ளப்பட்டவள் மூன்று நாளும் வாயை மூடிக்கொண்டு கடலுக்குப் போனாள். படத்துக்காரி கீழே இருக்கும்போது தட்டினாள், எண் ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சாம்பல் தலை மேலே வந்ததும் அவளுக்கு உயிர் வந்தது, உடனே வெட்கமும் வந்தது. வீட்டில் படத்துக்காரி சாப்பிடுவதைக் குறைத்திருந்தாள். அவள் பேசவில்லை, எழுத்தும் வரவில்லை, சும்மா நம்பாயியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமில்லாமல் பார்த்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான்காம் நாள் காலையில் கடலுக்குப் போகிற வழியில் நம்பாயி புயல் கட்டடத்துக்குள் போனாள். சற்குணம் எழுந்து நின்றிருந்தார். துணியில் கடைசியில் நின்ற சின்னப்பெண்ணின் முகவாய் தண்ணீரில் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் நின்றவர்கள் அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், அவர்களுடைய கைகளும் நடுங்கின, ஒருத்தியும் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே வாளி நிரம்பித் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

நம்பாயி ஓடினாள். தண்ணீர்க்கரையில் வரிசை நின்றிருந்தது, முத்திருளாயியின் விரல் நான்கில் இருந்தது.

"மதினி, அவள அனுப்பணும்."

"எண்ணிக்கிட்டு இருக்கேன்ல."

"அவுகளும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்காக. இருபது நாளாச்சு. இவ எந்திரிக்காம அவுக கரையேற மாட்டாக. எனக்கு நாலு நாளாத் தெரியும். சொல்லல."

வரிசை முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.

"ஏன் சொல்லல?" என்றாள் முத்திருளாயி.

"அவ போயிட்டா எனக்குச் சோடி இல்ல."

முத்திருளாயி விரலை மடக்கினாள். நேராகக் கட்டடத்துக்கு நடந்தாள், மற்ற பதினோரு பேரும் அவள் பின்னால் போனார்கள். துணிக்கு முன்னால் ஓடும் தண்ணீரில் நின்று, ஒவ்வொரு முகத்துக்கு நேரேயும் விரலை நீட்டிப் பதினேழு என்று எண்ணினாள். சின்னப்பெண்ணின் முகத்துக்கு வந்தபோது விரல் கொஞ்சம் தங்கியது. இத்தனை நாள் பந்தி பரிமாறியதும் சொட்டு மருந்து கொடுத்ததும் இந்த முகங்களுக்கு முன்னால்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்ததுபோல இருந்தது.

கோட்டைச்சாமி கட்டட வாசலில் குறுக்கே நின்றார். "முத்திருளாயி, சங்கத்துல பேசாம ஒன்னும் செய்யக் கூடாது. முத்துக்கு ஆள் வர்றாக வெள்ளிக்கிழமை."

"அண்ணே, நீங்க வலை கட்டுறதுக்கு நாங்க வந்து யோசனை சொன்னமா? தலை எங்க கணக்கு. தள்ளுங்க."

அவர் தள்ளினார். பன்னிரண்டு பேர் ஒரே மூச்சில் நடந்து வந்தால் எவரும் தள்ளித்தான் ஆக வேண்டும்.

படத்துக்காரி எழுந்த இடம் எல்லாருக்கும் தெரியும், தீவுப் பக்கம் இருக்கிற கடைசிப் பாறை. கழுத்தளவு ஆழம் அங்கே சட்டென்று முடிந்து கீழே கருநீலமாகப் போகும். பெண்கள் பாறையில் கழுத்தளவில் நின்றார்கள். கச்சான் காற்று எடுத்திருந்தது, அலை வாயில் அடித்தது. படத்துக்காரி தன் பழைய வெள்ளைத் துணியை உடுத்தியிருந்தாள். நம்பாயியின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திறந்து தன் உள்ளங்கையை அதில் ஒருமுறை வைத்து எடுத்தாள்.

"நீ தட்டு" என்றாள் முத்திருளாயி. "ஆனா கேட்டுக்க. இவ முங்கலே, போறா. தொண்ணூறு தாண்டினாலும் நீ இறங்கக் கூடாது. தலை வரலைன்னா அதுதான் நல்லது. தெரியுதா?"

"தெரியுது மதினி."

படத்துக்காரி மூச்சிழுத்தாள், அந்தச் சீழ்க்கை காற்றில் நீண்டது, போய்விட்டாள்.

நம்பாயி தட்டினாள். பத்து. இருபது. அலை அடித்தது, அவள் வாயை மூடிக்கொண்டு தட்டினாள். ஐம்பது. அறுபது வந்தபோது அவள் கை கனத்தது, அறுபதைத் தாண்டினாள். எண்பதில் மூன்று தட்டுத் தட்டக்கூடாது என்று தெரிந்தும் கை தட்டிவிட்டது. எண்பத்தைந்து. தண்ணீர் அப்படியே இருந்தது, தலை வரவில்லை, வராமல் இருப்பதுதான் நல்லது என்று அவள் தனக்குச் சொன்னாள், தொண்ணூறு என்று சொன்னாள், தொண்ணூற்றொன்று என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. ஒரு வருஷமாகத் தினமும் மனசுக்குள் அந்த இடத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தவள் இறங்கிவிட்டாள்.

மேலே முத்திருளாயி கத்தியது பாதிதான் கேட்டது.

தண்ணீர் முதலில் பச்சையாக இருந்தது, பிறகு நீலமாக இருந்தது, பிறகு நிறமே இல்லை. அவளுடைய சிவப்புச் சட்டைக் கை கருப்பாயிற்று, விரல்களில் சுற்றிய மஞ்சள் துணி சாம்பலாயிற்று. முன்னால் வெள்ளைத் துணி ஒன்று அசைந்து போனது. அதைத் தாண்டி, தண்ணீருக்குள் வரிசையாக நட்டுவைத்ததுபோலக் கால்கள் தெரிந்தன, நடுங்கும் கால்கள், முப்பத்துநான்கு கால்கள். வெள்ளைத் துணி அவற்றுக்கு நடுவே மேலே எழும்பியது, தண்ணீரைத் துளைத்துக்கொண்டு அந்தச் சீழ்க்கை கேட்டது, கால்கள் எல்லாம் ஒன்றையொன்று நோக்கி ஓடின. யாரோ அங்கே எண்ணினார்கள். பாஷை தெரியாவிட்டாலும் அது எண்ணிக்கைதான் என்று தெரிந்தது, பதினெட்டில் நின்றதும் தெரிந்தது.

நம்பாயிக்கு மூச்சு முடிந்திருந்தது. அந்தத் தண்ணீரின் மேல்மட்டம் தலைக்கு மேல் ஒரு முழம்தான் இருக்கும், கையை நீட்டினால் எட்டிவிடும். வந்த வழியோ தூரம், இருட்டு. அங்கே எழுந்தால் அவர்கள் அவளைப் பத்தொன்பது என்று எண்ணிக் கரையேற்றுவார்கள், நனையாத துணி கொடுப்பார்கள், நெருப்புப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். பின்னால் அவளை எண்ண யாரும் இல்லை. அவள் கை மேலே போயிற்று.

அப்போதுதான் முதுகுப் பக்கமிருந்து தட்டு வந்தது. முதலில் காது இரைச்சல் என்று நினைத்தாள். ஒன்று, இரண்டு என்று வரவில்லை. பத்துக்கு இரண்டு தட்டும் வரவில்லை. எடுத்த எடுப்பில் மூன்று தட்டு, நிறுத்தி மறுபடி மூன்று தட்டு, மறுபடி மூன்று. ஒரு கை அல்ல, பன்னிரண்டு கைகள். எண்பதுக்கு உரிய தட்டை எண்ணாமலே தட்டிக்கொண்டிருந்தார்கள், போட்டுவிட்டு வா, போட்டுவிட்டு வா என்று. அதைக் கேட்ட பிறகு கீழே இருப்பது எப்படி என்று பாசிமுனைப் பெண் ஒருத்திக்கும் தெரியாது. நம்பாயி திரும்பினாள். எப்படித் திரும்பினாள், எவ்வளவு தூரம் வந்தாள் என்பது அவளுக்குப் பிறகும் நினைவில் வரவில்லை. விரல் துணியில் சாம்பல் போய் மஞ்சள் திரும்பியதும், தலைமயிரை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்ததும்தான் நினைவிருந்தது.

"எண்ணத்தான் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றாள் முத்திருளாயி, மயிரை விடாமல். அவளும் முக்குளித்து எழுந்திருந்தாள், முகத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "சொன்னாக் கேக்கவும் தெரியாதா உனக்கு?"

நம்பாயி இருமினாள், கடலை வாந்தி எடுத்தாள். பேச மூச்சு வந்ததும், "சேந்துட்டா மதினி. பதினெட்டும் எண்ணியாச்சு" என்றாள்.

கரையில் சற்குணம் ஓடிவருவது தெரிந்தது, அந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம். அவர் கையை ஆட்டிக்கொண்டே, போயிட்டாங்கம்மா, எல்லாரும் கரையேறிப் போயிட்டாங்க, அந்தச் சின்னப் பொண்ணத் தூக்கிக்கிட்டுப் போனாங்க, துணி வெறும் துணியாக் காயுது என்று சொன்னதெல்லாம் காற்றில் துண்டுதுண்டாக வந்து சேர்ந்தது.

இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்ததும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். முத்திருளாயி ஒன்று, இரண்டு என்று தொடங்கினாள். நம்பாயி வழக்கப்படி வரிசையைவிட்டு நான்கு எட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். விரல் சடச்சியிடம் பதினொன்று என்று வந்தது, தன் நெஞ்சைத் தொட்டுப் பன்னிரண்டு என்றது. பிறகு அது மடங்கவில்லை. நீட்டியபடியே காற்றில் நின்றது. அலை வந்து போயிற்று, இன்னொரு அலை வந்து போயிற்று, யாரும் கரையேறவில்லை.

"எவ்வளவு நேரம் இப்படியே நிக்கிறது மதினி, எனக்குக் கால் வெறைக்குது" என்றாள் சடச்சி.

"நான் என்ன செய்ய?" என்றாள் முத்திருளாயி. "ஒருத்தி வரிசைக்கு வராம அங்க போயி நிக்கிறா. அவ வர்ற வரைக்கும் நில்லு."

நம்பாயி நான்கு எட்டு நடந்தாள். தண்ணீரில் நடப்பதால் அதற்கு நேரம் எடுத்தது.